பத்திரத்த பாத்தாச்சு, தட்டட்டிய பாத்தியளா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை உங்க பேப்பர்ல வீடு வாங்குறவங்க என்னென்ன பாக்கணும்னு அரைப்பக்கத்துக்கு போட்டிருந்தீங்க. மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா, புலப்படம், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல், வீட்டு வரி ரசீது, கரண்டு கனெக்ஷன் யாரு பேர்ல இருக்குன்னு ஒண்ணு விடாம எழுதியிருந்தாவ, நல்ல உபயோகமான விஷயம், வெட்டி கடையில ஒட்டிக்கூட வச்சிருக்கேன். ஆனா மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சாலும் அந்த வீட்டுக்குள்ள போயி செவத்த பாக்கணும், தட்டட்டியில, அதான் மொட்டை மாடியில ஏறிப் பாக்கணும்னு ஒரு வரி கெடையாது. எல்லாம் காகிதம். காகிதம் சுத்தமா இருந்து வீடு ஒழுகுனா அந்த பத்திரத்த விரிச்சா மழைக்கு மூட முடியும்? அதான் இந்த கடுதாசி.

நான் பாளையங்கோட்டையில பெயிண்ட், ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். கடைக்கு வாரவர் குடியிருக்கப் போறவரா விக்கப் போறவரான்னு அவர் கேக்குற கேள்வியிலயே தெரிஞ்சு போவும். குடியிருக்கப் போறவரு "அண்ணாச்சி, இது எத்தன வருசம் நிக்கும்"னு கேப்பாரு, விக்கப் போறவரு "இது எத்தன நாள்ல காயும்"னு கேப்பாரு. அம்புட்டுதான் வித்தியாசம். விக்கப் போறவருக்கு வேண்டியது ரெண்டு மூணு மூட்டை பட்டி, ஒரு கோட்டு பிரைமர், வெல கொறஞ்ச எமல்ஷன், வெளிர் மஞ்சளோ ஐவரியோ ஏதோ ஒண்ணு. ஒரு வாரத்துல வீடு மாப்பிள்ளைக் கோலத்துல நிக்கும். அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழை ரெண்டு பேஞ்சதும் அதே தெரு அதே வீட்டு நம்பரச் சொல்லி வேற ஒருத்தர் வந்து நிப்பாரு, வாட்டர் ப்ரூப் கெமிக்கல் எது நல்லதுன்னு. நான் ரெண்டு பேர்ட்டயும் யாவாரம் பண்ணுதேன், பிறவு நீ என்ன இத எழுதுதன்னு கேக்குறவங்க கேட்டுக்கிடட்டும், தெரிஞ்சவன் சொல்லாட்டி வேற யாரு சொல்லுவா.

நான் சொல்ல வந்தது இதுதான். அச்சாரம் குடுக்குறதுக்கு முந்தி, வீட்டுக்காரருக்கும் புரோக்கருக்கும் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியர கூட்டிட்டு போயி ஒரு ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் வீட்ட காட்டுங்க, அதுக்கு ஒரு பீஸ் குடுங்க, அவர் சொன்னத ஒரு தாள்ல எழுதி வாங்குங்க. இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, ஆனா நம்ம ஊர்ல இத செய்யிற ஆள விரல் விட்டு எண்ணிரலாம். முப்பதாயிரம் ரூபாய்க்கு பழைய பைக் வாங்கப் போனா தெரிஞ்ச மெக்கானிக்க பின்னால ஏத்திட்டு போறோம், அவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்து சரின்னு சொன்னாத்தான் பைசாவ எடுக்கோம். நாப்பது லட்சம் ரூபாய் வீட்டுக்கு மச்சினன கூட்டிட்டு போறோம், மச்சினன் பேங்க்ல கிளார்க்கு.

வாஸ்து பாக்க ஆள கூட்டிட்டு போறாவ, அத நான் கொற சொல்லல, அவங்கவங்க நம்பிக்கை. ஆனா அக்னி மூலையில அடுக்களை இருக்கான்னு பாக்குறவருக்கு தட்சணை குடுக்க வருத்தப்படாதவங்க, அந்த அடுக்களைக்கு மேல இருக்க தளத்துல கம்பி துரு ஏறியிருக்கான்னு பாக்க ஒரு ஆளுக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் குடுக்கணும்னா யோசிக்காவ. கணக்கு போட்டுப் பாருங்க. பத்திரத்துல 40 லட்சம்னு காட்டினா முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3 லட்சத்து 60 ஆயிரம் கவர்மெண்டுக்கே போவுது. புரோக்கர் கமிஷன், டாக்குமெண்ட் ரைட்டர், வக்கீல் லீகல் ஒப்பீனியன், பால் காய்ப்பு சாப்பாடு எல்லாம் தனி. இதுல இன்ஜினியர் பீஸு சாப்பாட்டுச் செலவுல பாயாசத்துக்கு கூட வராது.

நெறைய பேர் சொல்லுத பதில் என்னன்னா, "பேங்க்ல இருந்து இன்ஜினியர் வந்து பாத்துட்டாவல்லா அண்ணாச்சி, லோனே ஓகே ஆயிட்டு"ங்கது. இங்கதான் ஏமாறுதோம். பேங்க்ல இருந்து வாரவரு வேல்யூவர். அவரு வேலை இந்த இடமும் பத்திரத்துல உள்ள இடமும் ஒண்ணுதானா, நாலு மால், அதாவது நாலு பக்கத்து எல்லை சரியா இருக்கா, எத்தன சதுர அடி, கட்டி எத்தன வருசம் ஆச்சு, இந்த ஏரியாவுல என்ன வெல போவுது, நாளைக்கு கடன் திரும்பி வரலைன்னா இத வித்தா எம்புட்டு தேறும்னு பேங்குக்கு சொல்லுறது. அந்த ரிப்போர்ட்டு பேங்குக்கு, உங்களுக்கு இல்ல. அவரு தட்டட்டியில ஏறணும்னு அவசியம் கெடையாது, நெறைய பேரு ஏறவும் மாட்டாவ. அது அவரு தப்பும் இல்ல, அவர அதுக்கு அனுப்பல. இன்னொண்ணு, லோனுக்கு ஆளு வாரதே அச்சாரம் குடுத்து அக்ரிமெண்ட் போட்ட பொறவுதான, அப்ப கண்டுபுடிச்சு என்ன செய்ய.

நேர்ல பாத்த ஒண்ணச் சொல்லுதேன். என் சித்தப்பா மவன் பெருமாள்புரம் பக்கம் ஒரு மாடி வீடு பாத்தான், கட்டி பதினஞ்சு வருசத்துக்கு மேல இருக்கும். பேசி முடிக்கிற நெலம. நான் புடிச்ச புடியா நின்னு நமக்கு தெரிஞ்ச ஒரு இன்ஜினியர் தம்பிய கூட்டிட்டு போவச் சொன்னேன், நானும் கூடப் போனேன். அந்தத் தம்பி கையில ஒரு டார்ச்சு, சின்ன சுத்தியல், ரசமட்டம், ஈரம் பாக்குற மீட்டரு ஒண்ணு, அவ்வளவுதான். வீட்டுக்குள்ளயே போவல. முதல்ல தெருவுல நின்னு ரோட்ட பாத்தாரு. ரோடு மேல ரோடு போட்டுப் போட்டு தெரு ஒசந்து, வீட்டு பேஸ்மட்டம் ஒண்ணரை அடிதான் மேல நிக்கு, இன்னும் ரெண்டு தடவ ரோடு போட்டா மழைத்தண்ணி வாசப்படிக்கு வந்துரும்னாரு. வாறுகால் எந்தப் பக்கம் ஓடுது, அது கழிவு எங்க போயிச் சேருதுன்னு கேட்டாரு, புரோக்கருக்கு தெரியல. அப்புறம் காம்பவுண்டுக்கும் செவத்துக்கும் நடுவுல உள்ள முடுக்குல சுத்தி வந்தாரு, செவத்த ஒட்டி மண்ணா கெடக்கா சிமெண்ட் போட்டிருக்கான்னு பாத்தாரு. அதுக்கப்புறம் நேரா தட்டட்டி.

புரோக்கருக்கு இருப்பே கொள்ளல. "தம்பி, கீழ ஹால பாருங்க, கிரானைட்டு, ஃபால்ஸ் சீலிங்கு எல்லாம் இருக்கு"ன்னு படியில நின்னுக்கிட்டே கூப்பிடுதாரு. இவரு காதுல வாங்கிக்கிடல. ஒரு வாளி தண்ணிய எடுத்து தட்டட்டி நடுவுல ஊத்தி அது எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்துட்டு நின்னாரு. பாதி தண்ணி குழாய்க்கு போச்சு, மீதி மேற்கு மூலையில அப்படியே நின்னுச்சு. அந்த மூலையில தட்டோடு நெறம் மாறி கருப்பா இருந்துச்சு, சுத்தியலோட கட்டைப் பக்கத்த வச்சு தட்டுனாரு, மத்த இடத்துல கெட்டிச் சத்தம், இங்க டொப்பு டொப்புன்னு. ஓடு தளத்த விட்டு எழும்பிட்டுன்னாரு. கைப்பிடிச் செவுரும் தளமும் சேருற மூலைய விரலால தடவிப் பாத்தாரு, வெடிப்பு. தண்ணி டேங்குக்கு அடியில குனிஞ்சு டார்ச் அடிச்சு பாத்தாரு. அப்புறம் கீழ எறங்கி ஒவ்வொரு சன்ஷேடுக்கும் அடியில. அங்கதான் கம்பி போற வாக்குலயே நேர்கோடா வெடிச்சு பழுப்புக் கறை வரும், கம்பி துரு புடிச்சா ஊதும், ஊதினா காங்கிரீட்ட ஒடச்சு வெளிய தள்ளும், அதுக்கு மேல எத்தன கோட்டு பட்டி பாத்தாலும் அந்தக் கோடு திரும்ப வந்துரும்.

வீட்டுக்குள்ள வந்தா பட்டாசல்ல, அதான் ஹால்ல, ஒரு பெரிய காலண்டர். அது வழக்கமா மாட்டுற ஒசரத்துல இல்ல, ஜன்னல் மூலைய ஒட்டி கொஞ்சம் தள்ளி ஒரு மாதிரியா தொங்குச்சு. தம்பி அத தூக்கிப் பாத்தாரு, உள்ள ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரு வெடிப்பு, பட்டி வச்சு அடைச்சு மேல பெயிண்ட் தொட்டிருக்கு. வீட்டுக்காரர் மொகம் செத்துப் போச்சு. எனக்கும் சரி அவ்வளவுதான்னு ஆயிட்டு. தம்பி அதுல நகத்த விட்டுப் பாத்துட்டு, வெளிப்பக்கம் போயி அதே இடத்த பாத்துட்டு வந்து, "இது ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, பூச்சுல மட்டுந்தான், செங்கல் வரைக்கும் போவல, வெளிய வெடிப்பே இல்ல"ன்னாரு. ஒளிச்சு வச்சது ஒண்ணுமில்லாத விஷயம். ஒளிக்காம கெடந்ததுதான் பெருசா இருந்துச்சு. மேல மாடி பாத்ரூமுக்கு நேர் கீழ போர்டிகோ தளம், அதுல கைப்பிடி அகலத்துக்கு லேசா ஒரு மங்கல், நாங்க எல்லாரும் ஒட்டடைன்னு நெனச்சோம். மீட்டர வச்சா ஈரம். பாத்ரூமுக்காக தாழ்த்திப் போட்ட சங்கன் சிலாப்புல தண்ணி தேங்கி பைய பைய எறங்குது, வீட்டுக்காரருக்கே தெரியாது, பாவம். டைல்ஸ ஒடச்சு, உள்ள ரொப்பினத அள்ளி, குழாய மாத்தி, வாட்டர் ப்ரூப் பண்ணி திரும்ப டைல்ஸ் ஒட்டணும்.

வந்து ஒரு தாள்ல மூணு பாகமா எழுதிக் குடுத்தாரு, உடனே செய்ய வேண்டியது, ஒரு வருசத்துக்குள்ள செய்யலாம்ங்கது, சும்மா விட்டுரலாம்ங்கது. அந்தத் தாள வச்சு பேசினதுல வெலயில ஒண்ணேகால் லட்சம் கொறஞ்சுது, வீட்டுக்காரரும் மொறைக்கல, எழுத்துல இருந்ததால அவருக்கும் நியாயம்னு பட்டுச்சு. சித்தப்பா மவன் வாங்கிட்டான், இப்ப அங்கதான் இருக்கான். நல்ல வீடுதான். இன்ஜினியர் வந்தா கெட்டதத்தான் சொல்லுவாரு, முடிய வேண்டிய காரியம் கெட்டுப் போவும்னு நெனைக்காவ, அப்படி இல்ல, பாதி நேரம் பயப்படாதீங்கன்னு சொல்லத்தான் அவரு வேணும்.

வெடிப்பு பத்தி மட்டும் கொஞ்சம் சேத்து சொல்லணும், கடைக்கு வாரவங்க போன்ல போட்டோ காட்டி இதான் அதிகம் கேக்காவ. மயிரிழை வெடிப்பு செவுரு பூரா வலை வலையா இருந்தா அது பூச்சு காயும்போது தண்ணி சரியா விடாததுனால, பயப்பட ஒண்ணும் இல்ல. தூணும் செங்கல் செவுரும் சேருற இடத்துல நேர்க்குத்தா வாரது ரெண்டும் வேற வேற சாமான், பூசும்போது வலை அடிக்காததால வாரது, அதுவும் பெரும்பாலும் மேலோட்டம். தளத்துக்கு கீழ செவுத்து ஒச்சியில படுக்கவசமா ஓடுறது வெயில்ல தளம் விரிஞ்சு சுருங்குறதுல வாரது, நம்ம ஊரு வெயிலுக்கு அது சகஜம், ஆனா அது வழியா தண்ணி எறங்காம பாத்துக்கிடணும். சாய்வா படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியாவே ஏறிப் போற வெடிப்பு, உள்ளயும் வெளியயும் ஒரே இடத்துல இருக்கது, ஒரு முனையில அகலமா மறுமுனையில ஒடுக்கமா இருக்கது, 5 மில்லிக்கு மேல தொறந்து நிக்கது, இதெல்லாம் கண்டா நின்னுருங்க. அஸ்திவாரம் ஒரு பக்கம் எறங்குதுன்னு அர்த்தம் இருக்கலாம். தூணுலயோ பீம்லயோ எந்த வெடிப்பா இருந்தாலும் இன்ஜினியர் பாக்காம நகரவே கூடாது. வெடிப்பு பழசா, இன்னும் வளருதான்னு பாக்க அந்தக் காலத்து ஓவர்சியர்மாரு ஒரு கண்ணாடித் துண்ட வெடிப்புக்கு குறுக்க சிமெண்ட் வச்சு ஒட்டிட்டு போவாவ, கொஞ்ச மாசத்துல கண்ணாடி ஒடஞ்சா செவுரு இன்னும் நகருதுன்னு அர்த்தம். வீடு வாங்குறவருக்கு அம்புட்டு நாள் பொறுமை எங்க.

நம்ம சீமையில மண்ணும் ஒரே மாதிரி இல்ல, இதையும் பாக்கணும். மானூர் தாண்டி சங்கரங்கோவில் பக்கம், கயத்தாறு தாண்டி கோவில்பட்டி பக்கம் கரிசல், கோடையில பாளம் பாளமா வெடிக்கும், மழையில ஊதும், அஸ்திவாரம் அதுக்கு தக்கன போடலைன்னா வீடும் கூடச் சேந்து ஆடும். அங்க வீடு வாங்குறவரு செவுத்து வெடிப்ப சித்திரையில ஒரு தடவ கார்த்திகையில ஒரு தடவ பாத்தா தெரியும், ஒரு நேரம் தொறந்திருக்கும் ஒரு நேரம் மூடியிருக்கும். டவுணச் சுத்தி, பேட்டை பக்கம், கால்வாய் பாசனத்துல கெடந்த நஞ்சையெல்லாம் பிளாட்டா ஆனது நமக்குத் தெரியும், அதுல மண்ணடிச்சு மேடாக்கி கொஞ்ச நாள்லயே கட்டின வீடுன்னா தரை எறங்கும், டைல்ஸ்ல நடந்து பாருங்க, காலுக்கு அடியில சத்தம் வேற மாதிரி கேக்கும், செவுத்துக்கும் தரை ஓரப்பட்டிக்கும் நடுவுல இடைவெளி விழுந்திருக்கும். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் கடக்காத்துல உப்பு, போர் தண்ணியிலயும் உப்பு, அந்தத் தண்ணியில கலவை போட்டு கட்டின வீடுன்னா கம்பி சீக்கிரம் போயிரும், அங்க சன்ஷேடும் தளத்து அடியும் ரெண்டு தடவ பாக்கணும்.

ஓதம்னு ஒண்ணு இருக்கு. தரையில இருந்து மூணு அடி ஒசரத்துக்கு செவுத்துல பூச்சு பொரிஞ்சு, வெள்ளையா உப்பு பூத்து நிக்கும், அது கீழ இருந்து மண்ணு ஈரம் ஏறுறது. கடைக்காரன் நானே சொல்லுதேன், அதுக்கு எந்த டேம்ப் ப்ரூப் பெயிண்டும் மருந்து இல்ல, மறைக்கத்தான் செய்யும், அடுத்த மழைக்கு பெயிண்ட ஒரு அடி மேல தள்ளிட்டு திரும்ப வரும். செவுத்துல பாதி ஒசரத்துக்கு மட்டும் டைல்ஸோ, பிவிசி ஷீட்டோ, மரப் பலகையோ புதுசா ஒட்டியிருந்தா அழகுக்குத்தான் ஒட்டியிருக்காவளான்னு ஒரு நிமிசம் யோசிங்க. பெட்ரூம் அலமாரி கதவ தொறந்து மூக்க உள்ள விட்டாலே தெரியும், பூஞ்சை வாடைக்கு பெயிண்ட் கெடையாது.

வெள்ளத்த பத்தி கேக்காம விடாதீங்க. 2023 டிசம்பர் 17, 18ல பேஞ்ச பேய் மழை யாருக்கும் மறக்காது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட பேஞ்சுது, இங்க ஆத்துல வந்த தண்ணி சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டைன்னு வீட்டுக்குள்ள பூந்துச்சு. 1992 வெள்ளத்த பாத்த பெரியவங்களும் இன்னும் இருக்காவ. இப்ப அந்த வீடெல்லாம் பெயிண்ட் அடிச்சு பளபளன்னு நிக்கு. பெயிண்ட நம்பாதீங்க, கதவோட கீல பாருங்க. மேல் கீலு பளிச்சுன்னு இருந்து கீழ் கீலும் தாழ்ப்பாளும் மட்டும் துரு புடிச்சிருந்தா தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு அது சொல்லும். ஸ்விட்ச் போர்டு, பிளக் பாயிண்டெல்லாம் புதுசா இடுப்புக்கு மேல ஏத்தி வச்சிருந்தாலும் அதே கததான். பக்கத்து வீட்டு ஆச்சிட்ட "2023ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு ஆச்சி"ன்னு ஒரு வார்த்த கேட்டா புரோக்கர் ஒரு மாசமா சொல்லாதத ஒரு நிமிசத்துல சொல்லிரும். தண்ணி வந்த வீட்ட வாங்கவே கூடாதுன்னு சொல்லல, தெரிஞ்சு வாங்குங்க, அந்த வெலைக்கு வாங்குங்க.

டவுண் ரத வீதிய சுத்தி, இன்னும் பழைய ஊர்கள்ல காரை வீடு வாங்குறவங்களுக்கு இது வேற சங்கதி. சுண்ணாம்புச் செவுரு, கட்டைய அடுக்கி அதுமேல செங்கல குத்த வச்சு போட்ட மெட்ராஸ் தளம், இதெல்லாம் இப்ப காலேஜ்ல இருந்து வந்த பிள்ளைகள் நெறைய பேருக்கு பழக்கம் இல்ல. கட்டை நடுவுல பாக்க நல்லாத்தான் இருக்கும், செவுத்துக்குள்ள போற முனைதான் முதல்ல உளுக்கும், அங்க ஒரு ஸ்க்ரூ டிரைவர வச்சு குத்திப் பாத்தா பொதுக்குன்னு உள்ள போவும், அப்ப செல்லரிச்சிருக்கு. சுண்ணாம்புச் செவுத்துக்கு மேல சிமெண்ட் பூசி வச்சிருந்தா உள்ள ஈரம் வெளிய வர வழியில்லாம செவுரு உள்ளுக்குள்ளயே உதிரும். இதுக்கு பழைய வீட்டு வேல செஞ்ச இன்ஜினியரோ, அந்தக் காலத்து கொத்தனாரோ கெடச்சா விடாதீங்க.

ஒரு மணி நேரம் பாத்துட்டா எல்லாம் தெரிஞ்சுருமான்னா தெரியாது. அஸ்திவாரம் எம்புட்டு ஆழம், தூணுக்குள்ள எத்தன கம்பி, எத்தன மில்லி கம்பின்னு கண்ணால பாத்து யாரும் சொல்ல முடியாது, சொன்னா நம்பாதீங்க. தளத்துல கம்பிக்கு மேல கொறஞ்சது 20 மில்லி, தூணுல 40 மில்லி காங்கிரீட் மூடியிருக்கணும்னு கணக்கு இருக்கு, அது இருக்கான்னு பாக்க தனி மெஷின் உண்டு, காங்கிரீட் கெட்டியப் பாக்க ரீபவுண்ட் ஹேமர்னு ஒண்ணு உண்டு, சந்தேகம் வந்தா அதுக்கு போவலாம், எல்லா வீட்டுக்கும் வேண்டாம். முதல்ல ஒருத்தர் பாத்து இது போதும், இல்ல இன்னும் தோண்டணும்னு சொல்லணும்லா, அந்த முதல் பார்வையத்தான் நான் கேக்கேன். தரைத்தளம் மட்டும் கட்டுறதுக்கு போட்ட அஸ்திவாரத்துல மேல ரெண்டு மாடி ஏத்தியிருக்காவளான்னு அப்ரூவல் பிளான கையில வச்சுக்கிட்டு எண்ணினாலே பாதி தெரிஞ்சுரும், அதுக்கு காகிதமும் செவுரும் ஒரே ஆளு கையில ஒரே நேரத்துல இருக்கணும். வக்கீல் பிளான பாப்பாரு வீட்ட பாக்க மாட்டாரு, கொத்தனார் வீட்ட பாப்பாரு பிளான பாக்க மாட்டாரு.

சட்டம் இருக்குல்லான்னு கேக்கலாம். ரெரான்னு சொல்லுத ரியல் எஸ்டேட் சட்டம் 14வது பிரிவுல வீட்ட ஒப்படைச்சு 5 வருசத்துக்குள்ள கட்டுமானக் குறை தெரிஞ்சா புரமோட்டர், அதான் கட்டி வித்தவரு, சொந்தச் செலவுல சரி பண்ணிக் குடுக்கணும்னு இருக்கு, நல்ல சட்டம். ஆனா அது பில்டர் கட்டி விக்கிற புது வீட்டுக்கு, அதுலயும் 500 சதுர மீட்டருக்கு மேல போவாத இடம், இல்லைன்னா 8 வீட்டுக்கு மேல இல்லாத கட்டடம்னா பதிவு பண்ணவே வேண்டாம்னு விலக்கு. நம்ம ஊர்ல அஞ்சு சென்ட்ல கட்டி விக்கிற தனி வீடெல்லாம் அதுக்கு வெளியதான் நிக்கும். பழைய வீட்டுக்கு 1882 சொத்து மாற்றுச் சட்டத்துல 55வது பிரிவு ஒண்ணு இருக்கு, விக்கிறவருக்கு தெரிஞ்சு, வாங்குறவருக்கு தெரியாத, சாதாரண கவனத்தோட பாத்தா கண்டுபுடிக்க முடியாத பெரிய குறைய விக்கிறவரு சொல்லியே ஆவணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பழுப்புக் கறையும் தேங்கி நின்ன தண்ணியும் கண்ணுக்கு தெரிஞ்சதுதான, நீ ஏன் பாக்கலன்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேப்பாரு. அதுக்கு கோர்ட்டுல நடக்குறதுக்கு தட்டட்டிக்கு ஏறுறது சுளுவு.

யாரை கூட்டிட்டு போறதுங்கதுலயும் கவனம் வேணும். புரோக்கர் "நானே ஒரு இன்ஜினியர அனுப்புதேன்"னா வேண்டாம்னு சொல்லிருங்க, அவரு நல்லவராவே இருக்கட்டும், யாவாரம் முடிஞ்சாத்தான் அவருக்கு அடுத்த போன் வரும். பாத்துட்டு கையோட "இத நானே சரி பண்ணித் தாரேன், மூணு லட்சம் ஆவும்"ங்குற காண்ட்ராக்டரும் வேண்டாம், அவருக்கு கண்ணுல படுறதெல்லாம் ரிப்பேராத்தான் இருக்கும். மாநகராட்சியில பிளான் போட லைசென்ஸ் வாங்கின இன்ஜினியர்மாரு, பொதுப்பணித் துறையிலயோ வீட்டு வசதி வாரியத்துலயோ வேல பாத்து ரிட்டயர்டு ஆனவங்க நம்ம பாளையங்கோட்டை, கேடிசி நகர், என்ஜிஓ காலனி பக்கம் நெறைய பேரு இருக்காவ, காலையில நடந்துட்டு வந்து பேப்பர் படிச்சுட்டு சும்மாதான் உக்காந்திருக்காவ. அவங்கள்ட்ட போயி பீஸச் சொல்லி கூப்பிட்டா வருவாவ, ஓசியில கூப்பிடாதீங்க, ஓசியில வந்தவரு "பாக்க நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு காப்பி குடிச்சுட்டு போயிருவாரு, எழுதித் தர மாட்டாரு.

வீட்டுக்காரர் இன்ஜினியர உள்ள விட மாட்டேன்னு சொன்னா? சிலர் சொல்லத்தான் செய்யிறாவ, "எங்க மேல நம்பிக்கை இல்லையா"ன்னு. நம்பிக்கை விஷயமே இல்ல அண்ணாச்சி, வீட்டுல பொம்பளையாளுக கேக்காவன்னு சொல்லிப் பாருங்க, அதுக்கும் மாட்டேன்னா அடுத்த வீட்ட பாருங்க. அச்சாரம் குடுத்தே ஆவணும், வேற பார்ட்டி வருதுன்னு அவசரப்படுத்தினா, அக்ரிமெண்ட்லயே இன்ஜினியர் பாத்து பெரிய குறை இருந்தா அச்சாரத்த திருப்பித் தரணும்னு ஒரு வரி சேக்கச் சொல்லுங்க. முடிஞ்சா மழை ஓஞ்ச ரெண்டாம் நாள் வீட்ட பாருங்க, நமக்கு ஐப்பசி கார்த்திகை, தென்காசி செங்கோட்டைக்காரங்களுக்கு ஆனி ஆடிச் சாரல். சித்திரை வெயில்ல எல்லா வீடும் யோக்கியமாத்தான் இருக்கும்.

உங்கள்ட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அந்த சனிக்கிழமை பக்கத்துலயே ஒரு இன்ஜினியர வச்சு, வீட்டுக்குள்ள எத எப்படிப் பாக்கணும்னு போட்டோவோட ஒரு பக்கம் போடுங்க, வடகிழக்குப் பருவமழை தொடங்குறதுக்கு முந்தி போட்டா இன்னும் நல்லது. நம்ம ஊரு இன்ஜினியர் சங்கத்துக்காரங்களும் இத படிச்சா, வீடு வாங்கும் முன்ன ஒரு மணி நேரம் பாத்து எழுதிக் குடுக்க இன்ன பீஸுன்னு ஒண்ண முடிவு பண்ணி அறிவிச்சா, கேக்குறவங்களுக்கு கூச்சம் போவும், வாரவங்களுக்கும் மரியாதையா இருக்கும். கடுதாசி நீளமாயிட்டு, இடம் பத்தலைன்னா சட்டம் பேசினத வெட்டிக்கிடுங்க, வாளித் தண்ணி ஊத்தினத மட்டும் வெட்டிராதீங்க.

இப்படிக்கு,
ஒரு பெயிண்ட் கடைக்காரர்,
பாளையங்கோட்டை.